போதும் இந்தப் பாராட்டு

‘பெண்பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் எதற்கு?’ என்று கேட்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவர்கள் தொகை நாளுக்கு நாள் சுருங்கி வருகிறது. மிஞ்சியிருப்பவர்களும், கூடத்தில் பேத்தி உட்கார்ந்திருக்கிறாளா என்று ஒரு முறை எட்டிப் பார்த்துக்கொண்டுதான் வாயைத் திறக்கிறார்கள். என் சண்டையெல்லாம், ‘அடடா! இந்தப் பெண்கள் எவ்வளவு அழகாக ஆடுகிறார்கள்!’ என்று உருகிப் போகிறார்களே, அந்த நல்லவர்களோடுதான்.

நவராத்திரியில் நாலு வீட்டுக் கொலுவுக்குப் போய் வருகிறோம். எந்த வீட்டுக் கொலுவையாவது யாராவது குறை சொன்னதுண்டா? ‘பேஷாக இருக்கிறது’ என்று சொல்ல வேண்டும். சுண்டலை வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்த வீட்டுக்கு நடக்க வேண்டும். படி கோணலாக இருந்தாலும், செட்டியார் பொம்மைக்கு மூக்கு உடைந்திருந்தாலும், நம் வாயிலிருந்து வருவது அந்த ஒரே வார்த்தைதான். பெண்கள் ஆடும் கிரிக்கெட்டையும் நம் மத்தியதரக் குடும்பங்கள் இந்தக் கொலு மரியாதையோடுதான் பார்க்கின்றன.

ஆனால் அங்கே நடப்பது கொலு அல்ல, தொழில். 2023 ஜனவரி 25-ஆம் தேதி மகளிர் பிரீமியர் லீகின் 5 அணிகளை இந்தியக் கிரிக்கெட் வாரியம் விற்றது. கிடைத்த தொகை ரூ. 4,669.99 கோடி. அதில் பெங்களூர் அணியின் விலை மட்டும் ரூ. 901 கோடி. ஐந்தாண்டுக்கு ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமை அதற்கு முன்பே ரூ. 951 கோடிக்குப் போயிருந்தது. ஸ்திரீ ஜாதியின் முன்னேற்றத்துக்கு நம்மாலான கைங்கரியம் என்று யாரும் ரூ. 901 கோடியை எடுத்துக் கொடுப்பதில்லை. முதலாளிக்கு இது வியாபாரம் என்று தெரிந்திருக்கிறது. ஆடுகிற பெண்ணுக்கு இது ஜீவனம் என்று தெரிந்திருக்கிறது. பார்க்கிற நமக்குத்தான் இன்னும் தெரியவில்லை. முதல் ஆண்டில் மைதானத்துக்கு வருகிற பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது, இலவச அனுமதி என்று வைத்தார்கள். சுண்டலும் அவர்களே கொடுத்துவிட்ட மாதிரி!

அந்தப் பெங்களூர் அணியையே எடுத்துக்கொள்ளுகிறேன். ராயல் சாலஞ்சர்ஸ் பெங்களூர் என்பது அப்போது அதன் பெயர். முதல் ஆண்டு ஏலத்தில் வேறெவரையும் விட அதிக விலைக்கு, ரூ. 3.40 கோடிக்கு, ஸ்மிருதி மந்தானாவை எடுத்துத் தலைவியாக்கினார்கள். ஆஸ்திரேலியாவின் எலிஸ் பெர்ரி, நியூஜிலாந்தின் சோஃபி டிவைன் என்று பெரிய பெரிய பெயர்களைச் சேர்த்தார்கள். நடந்தது என்ன? முதல் 5 ஆட்டங்களிலும் வரிசையாகத் தோற்றார்கள். மொத்தம் 8 ஆட்டங்களில் வென்றது இரண்டே இரண்டு.

ஆண்கள் அணி ஒன்று இப்படி ஐந்து ஆட்டம் தொடர்ந்து தோற்றிருந்தால் நாம் சும்மா இருந்திருப்போமா? டீக்கடையிலும் ஆபீசிலும் கல்யாணப் பந்தியிலும் அந்தத் தலைவனின் தலையை உருட்டியிருப்போம். இலையில் பாயசம் விழுந்ததுகூடத் தெரியாமல் வாதாடியிருப்போம். இந்தப் பெண்களையோ யாரும் ஏசவில்லை. ‘பாவம், இப்போதுதானே ஆரம்பித்திருக்கிறார்கள்!’ என்றோம். பாவமாவது! எலிஸ் பெர்ரி 2007-லிருந்து தம் நாட்டுக்காக ஆடுகிறவர். ஸ்மிருதி 2013-லிருந்து இந்தியாவுக்கு ஆடுகிறவர். அவர்களா இப்போது ஆரம்பித்தார்கள்? நாம் பார்க்க ஆரம்பித்ததல்லவா இப்போது!

அடுத்த ஆண்டு, 2024-இல், அதே அணி கோப்பையை வென்றது. அந்த ஆட்டங்களின் கதையை நான் ஒரு தொடர்கதையாக எழுதி அனுப்பியிருந்தால், பத்திரிகாசிரியர் ‘கொஞ்சம் அதிகப்படி’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பியிருப்பார்.

பிப்ரவரி 24, பெங்களூரில் உத்தரப் பிரதேச அணியோடு முதல் ஆட்டம். பெங்களூர் எடுத்தது 157. எதிரிகள் சுலபமாக எட்டிப் பிடிப்பார்கள் என்று தோன்றிய வேளையில், திருவனந்தபுரத்துப் பெண் ஆஷா சோபனா சுழல் பந்து வீச வந்து, ஒரே ஓவரில் மூன்று பேரை வெளியே அனுப்பினார். அன்று அவர் கணக்கு 22 ரன்னுக்கு 5 விக்கெட். இந்த லீகில் 5 விக்கெட் எடுத்த முதல் இந்தியப் பெண் அவர்தான். ஆட்டம் 2 ரன் வித்தியாசத்தில் கைக்கு வந்தது.

மார்ச் 10, டில்லியில் டில்லி அணியோடு. 182 எடுக்க வேண்டும். கடைசி ஓவரில் 17. ஆடிக்கொண்டிருந்தது ரிச்சா கோஷ் என்ற 20 வயது வங்காளத்துப் பெண். இரண்டு சிக்ஸர் அடித்தார். கடைசிப் பந்தில் 2 ரன் வேண்டும். பந்தைத் தட்டிவிட்டு ஓடினார்; போய்ச் சேருவதற்குள் பந்து வந்து விக்கெட்டைச் சாய்த்துவிட்டது. ஒரே ஒரு ரன்னில் தோல்வி. 29 பந்துகளில் 51 அடித்த அந்தப் பெண் ஆடுகளத்திலேயே சரிந்து உட்கார்ந்து அழுதார்.

இரண்டு நாள் கழித்து மும்பையோடு ஆட்டம். பெர்ரி 15 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்தார். அந்த ஆண்டு எலிஸ் பெர்ரியைப் பற்றி ஊரெல்லாம் பேசியது எது தெரியுமா? இந்த 6 விக்கெட் அல்ல. பெங்களூரில் அவர் அடித்த ஒரு சிக்ஸர், எல்லைக்கு வெளியே விளம்பரத்துக்கு நிறுத்தியிருந்த மோட்டார் காரின் ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டது, அதுதான். பிறகு உடைந்த கண்ணாடியைச் சட்டம் போட்டு அவருக்கே பரிசாகக் கொடுத்தார்கள். வேடிக்கைதான், மறுக்கவில்லை. ஆனால் வேடிக்கை மட்டுமே நம் ஞாபகத்தில் நிற்கிறது.

மார்ச் 15, தோற்றவர் மூட்டை கட்ட வேண்டிய ஆட்டம். மறுபடியும் மும்பை, முந்தின ஆண்டு கோப்பையை வென்ற அணி. பெங்களூர் எடுத்த 135-இல் 66 பெர்ரியுடையது. மும்பைக்குக் கடைசி 18 பந்துகளில் 20 ரன் போதும். ஆடிக்கொண்டிருந்தவர் இந்திய அணித் தலைவி ஹர்மன்பிரீத் கவுர். பத்தில் ஒன்பது பேர் டெலிவிஷனை அணைத்திருப்பார்கள். 21 வயது ஷ்ரேயங்கா பாட்டீல் ஹர்மன்பிரீத்தை வெளியே அனுப்பினார். கடைசி ஓவருக்கு 12 என்று வந்து நின்றது. ஸ்மிருதி பந்தை ஆஷாவிடம் கொடுத்தார். லெக் ஸ்பின் போடுகிறவரிடம் கடைசி ஓவரைக் கொடுப்பது, பால் பாத்திரத்தைப் பூனையிடம் கொடுத்துவிட்டு வெளியூர் போகிற மாதிரி. ஆஷா 6 ரன் கொடுத்து ஒரு விக்கெட்டையும் எடுத்தார். 5 ரன்னில் ஜெயம். மறுநாள் ஆஷாவுக்கு 33 வயது நிறைந்தது.

மார்ச் 17, இறுதி ஆட்டம். அதே டில்லி மைதானம், அதே டில்லி அணி. விக்கெட் இழக்காமல் 64 ரன் எடுத்துவிட்டார்கள். சோஃபி மாலினூ என்ற ஆஸ்திரேலியப் பெண் நாலு பந்துகளுக்குள் மூன்று பேரை எடுத்தார். பிறகு ஷ்ரேயங்கா 12 ரன்னுக்கு 4 விக்கெட். 64-க்கு ஒருவரும் போகாமல் இருந்த அணி 113-க்கு எல்லாரும் போய்ச் சேர்ந்தது. அந்த 114-ஐப் பெங்களூர் அணி மூன்று பந்து மீதி இருக்கும்போது எட்டியது. வெற்றிக்கான பவுண்டரியை அடித்தவர் ஒரு வாரம் முன்பு அதே மைதானத்தில் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்த ரிச்சா கோஷ்.

இவ்வளவும் நடந்த பிறகு நாம் என்ன சொன்னோம்? ‘பதினாறு வருஷமாக ஆண்பிள்ளைகளால் முடியாததை இந்தப் பெண்கள் இரண்டே வருஷத்தில் சாதித்துவிட்டார்களே!’ என்றோம். அவ்வளவுதான். பெங்களூர் ஆண்கள் அணி 2008-லிருந்து கோப்பை இல்லாமல் இருந்தது ஊரறிந்த சமாசாரம். அவர்களை இடித்துக்காட்ட நமக்கு ஒரு தடி வேண்டியிருந்தது. இந்தப் பெண்களின் வெற்றி அந்தத் தடியாயிற்று. மைதானத்திலேயே செல்போனில் முகம் காட்டி விராட் கோலி வாழ்த்தினார்; தப்பில்லை, ஒரே கொடியின் கீழ் ஆடுகிறவர். ஆனால் நம் கண் அந்தச் சின்னத் திரையில் தெரிந்த முகத்தில் இருந்ததே தவிர, அதைச் சுற்றி நின்ற முகங்களில் இல்லை. இரண்டு நாள் கழித்து, மார்ச் 19 அன்று, ஆண்கள் அணி தன் ஆட்டங்களைத் தொடங்குமுன் சின்னசாமி மைதானத்தில் ஒரு விழா எடுத்தது. ஆண்கள் இரு பக்கமும் வரிசையாக நின்று கைதட்ட, நடுவே பெண்கள் கோப்பையோடு நடந்து வந்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மணப்பெண்ணை நகையோடு ஊர்வலம் விட்டு, கல்யாணத்தை வேறு யாருக்கோ செய்துவைத்தது போலவும் இருந்தது.

இந்தப் பாராட்டின் சாயம் வெளுத்த தேதியும் எனக்குத் தெரியும்: 2025 ஜூன் 3. அன்று ஆண்கள் அணி கோப்பையை வென்றது. மறுநாள் பெங்களூரில் கூட்ட நெரிசலில் 11 பேர் மாண்டதை நினைத்தால் அந்த வெற்றியைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்றிரவு நம்மில் எத்தனை பேர், ‘பெங்களூருக்கு முதல் கோப்பை வந்துவிட்டது’ என்று கூத்தாடினோம்! முதல் கோப்பையா? அப்படியானால் 2024 மார்ச் 17 அன்று ஸ்மிருதி தூக்கிக் காட்டியது என்ன, காப்பி வடிகட்டியா? பதினாறு வருஷப் பரிகாசம் செத்ததும் அந்தப் பெண்களின் வெற்றியும் அதோடு செத்துவிட்டது.

இது புதிதல்ல. எங்கள் தொழிலிலும் உண்டு. ஒரு ஸ்திரீ நாவல் எழுதினால், ‘பெண்மைக்கே உரிய நளினத்தோடு குடும்பச் சித்திரம் தீட்டியிருக்கிறார்’ என்று மதிப்புரை எழுதுகிறோம். நாலாம் அத்தியாயத்தில் கதை நொண்டுகிறது என்றோ, கிழவரின் பாத்திரம் பொய் என்றோ சொல்லுவதில்லை. சொன்னால் அவரை எழுத்தாளர் என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமே!

ஆனால் ஓர் இடத்தில் மட்டும் நாம் இப்படி நடந்துகொள்ளுவதில்லை. மார்கழி மாதத்து சபாவுக்கு வாருங்கள். மேடையில் பாடுவது பெண் என்பதற்காக யாராவது சலுகை காட்டுகிறோமா? தோடியில் ஒரு சுவரம் பிசகினால் முன் வரிசை மாமி உதட்டைச் சுழிக்கிறாள். பல்லவியில் தாளம் தட்டினால் பாதி சபை காண்டீனுக்கு எழுந்து போய் அடை அவியலுக்கு வரிசையில் நிற்கிறது. வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் அந்தப் பாடகியின் குரல், சாரீரம், பாடாந்தரம் எல்லாவற்றையும் கிழித்துப் போடுகிறோம். அதனால்தான் அவள் நன்றாகப் பாடிய அன்று நாம் ‘ஆஹா’ என்றால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலை மலிவாக வந்ததல்ல. பொது மேடையில் பெண்கள் உட்கார்ந்து பாடுவதையே முகம் சுளித்துப் பார்த்த காலத்தைத் தாண்டி, டி. கே. பட்டம்மாள் போன்றவர்கள் ராகம் தானம் பல்லவி பாடிக் காட்டி வாங்கியது. கிரிக்கெட் ஆடுகிற பெண்ணுக்கும் அதே முன் வரிசை மாமிதான் வேண்டும். உதட்டைச் சுழிக்கிற மாமி.

இன்னொரு வகைப் பாராட்டும் உண்டு. அது இதைவிடப் பொல்லாதது. ‘இந்த லீக் மட்டும் இல்லாவிட்டால் ஆஷா சோபனாவை யாருக்குத் தெரியும்? லீக் அல்லவா அவரைக் கண்டெடுத்தது!’ என்கிறார்கள். கண்டெடுக்க அவர் என்ன கடற்கரையில் கிடந்த கிளிஞ்சலா? கேரளத்துக்கும் ரயில்வேக்கும் புதுச்சேரிக்கும் வருஷக்கணக்காகப் பந்து வீசிக்கொண்டிருந்தவர் அவர். 2023 ஏலத்தில் அவரை ரூ. 10 லட்சத்துக்கு எடுத்தார்கள். 2024 மே மாதம் இந்தியாவுக்காக முதல் டி-20 ஆட்டம் ஆடியபோது வயது 33. ஜூன் மாதம் அதே பெங்களூர் மைதானத்தில் தென்னாப்பிரிக்காவோடு முதல் ஒரு நாள் ஆட்டம். 21 ரன்னுக்கு 4 விக்கெட். முப்பத்து மூன்று வயதில் இப்படிப் பந்து போடுகிறவர் இருபத்து மூன்றில் எப்படிப் போட்டிருப்பார்? அதை நாம் பார்க்கவில்லை. இனிப் பார்க்கவும் முடியாது. ஆண்கள் லீக் 2008-இல் வந்தது. பெண்கள் லீக் 2023-இல். நடுவே 15 ஆண்டுகள். மிதாலி ராஜும் ஜூலன் கோஸ்வாமியும் 2022-இல் ஓய்வு பெற்றுக்கொண்டார்கள். அடுத்த வருஷம் கடை திறந்தது! இதற்கு யாரிடம் கணக்குக் கேட்பது என்று யோசிக்காமல், ‘லீக் வாழ்வு கொடுத்தது’ என்று கும்பிடு போடுகிறோம்.

பெங்களூருக்கு இந்த விஷயத்தில் பழைய பாத்தியதை ஒன்று உண்டு. இந்தியப் பெண்கள் தங்கள் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியது அந்த ஊரில்தான், 1976-இல், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக. தலைவி சாந்தா ரங்கசுவாமி. சென்னையில் பிறந்து பெங்களூரில் வளர்ந்தவர். அந்த வருஷமே பாட்னாவில் முதல் வெற்றியும் வந்தது. அந்தக் காலத்தில் அவர்கள் ரயிலில் ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் மூட்டை முடிச்சோடு பிரயாணம் செய்தார்கள். விடுதிக் கூடங்களில் தரையில் படுத்தார்கள். அவர்களையும் நம் நாடு பாராட்டத்தான் செய்தது. பாராட்டுக்குச் செலவு இல்லை. படுக்கைக்குச் செலவு உண்டு. பெண்கள் கிரிக்கெட்டை வாரியம் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டதே 2006-இல்தான்.

இன்றைக்கு விமானத்தில் போகிறார்கள், நல்ல ஓட்டலில் தங்குகிறார்கள், சந்தோஷம். ஆனால் 2024-இல் அந்த லீக் நடந்தது எத்தனை நாள்? பிப்ரவரி 23 முதல் மார்ச் 17 வரை, 24 நாள். மொத்தம் 22 ஆட்டம். கோப்பையை வென்ற பெங்களூர் அணிக்கே கிடைத்தது 10 ஆட்டம். அதே ஆண்டு ஆண்கள் லீகில் 74 ஆட்டம். பணத்தைச் சொல்லவா? அந்த ஆண்டுக்கு ஒரு பெண்கள் அணி முழுவதற்கும் ஆள் எடுக்க அனுமதித்த தொகை ரூ. 13.5 கோடி. ஆண்கள் ஏலத்தில் மிட்செல் ஸ்டார்க் என்ற ஒரே ஒரு பந்து வீச்சாளரை ரூ. 24.75 கோடிக்கு எடுத்தார்கள். ஒரு மனிதரின் கூலியில் கிட்டத்தட்ட இரண்டு பெண்கள் அணி! ‘கூட்டம் வருகிற இடத்தில்தானே கூலி’ என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் 24 நாள் கடையைத் திறந்துவிட்டு, 342 நாள் பூட்டி வைத்துவிட்டு, வியாபாரம் ஆகவில்லை என்று சொல்லுகிற செட்டியாரை நான் பார்த்ததில்லை.

2025 நவம்பர் 2-ஆம் தேதி நவி மும்பையில் ஹர்மன்பிரீத்தின் அணி தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் தோற்கடித்து உலகக் கோப்பையை வென்றதும் பாராட்டு மழை இன்னும் பலத்துவிட்டது. ஸ்மிருதியும் ரிச்சாவும் அந்த அணியில் இருந்தார்கள். இனி அவர்களைக் குறை சொல்லுவதே தேசத் துரோகம் என்று ஆகிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. ஆகவே, காலம் கடப்பதற்குள் 2024 இறுதி ஆட்டத்தைப் பற்றிய என் குறையைச் சொல்லிவிடுகிறேன்.

எடுக்க வேண்டியது 114. அதற்கு 19.3 ஓவரா? ஸ்மிருதி 39 பந்துகளில் 31 எடுத்தார். பெர்ரி 37 பந்துகளில் 35. டிவைன் மட்டும் 27 பந்துகளில் 32 அடித்துக் கொஞ்சம் மூச்சு விடச் செய்தார். கடைசி ஓவருக்கு 5 ரன்னை மிச்சம் வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு வாரம் முன்பு இதே மைதானத்தில் கடைசிப் பந்தில் தோற்ற அணி இப்படியா நெருப்போடு விளையாடுவது? ரிச்சா கோஷ் ஒரு பந்தைத் தவறாக அடித்திருந்தால் இன்று நாம் வேறு கதையல்லவா பேசிக்கொண்டிருப்போம்!

இதை நான் ஒரு நண்பரிடம் சொன்னேன். அவர் ஒப்பவில்லை. ‘ஓய், டில்லிக்காரிகள் 49 ரன்னுக்குள் 10 விக்கெட்டைப் பறிகொடுத்த ஆடுகளம் அது. பந்து நின்று நின்று வருகிறது. அடிக்கப் போய் அவுட் ஆவதைவிட நின்று எடுப்பதுதான் புத்திசாலித்தனம். தலைவி என்றால் அப்படித்தான் ஆட வேண்டும்’ என்றார். ‘அப்படியானால் பத்தாவது ஓவருக்குள் டிவைனைப் போல இன்னொருவர் அடித்திருக்கலாமே’ என்றேன் நான். ‘அடித்துத்தானே டில்லி கெட்டது’ என்றார் அவர். காப்பி ஆறிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் இதே பேச்சுக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.